லோயர் ஆர்ம் போல்ட்டுக்குப் பைப் போட்டு இழுப்பது சரிவராது

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற, “டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சு 5 நிமிஷம் விட்டு, ஸ்பேனர்ல பைப் மாட்டி இழுங்க, வந்துடும்” என்று ஒருவர் சொன்ன யோசனை பழைய காரின் லோயர் ஆர்முக்கு (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) பொருந்தாது. அங்கே துரு மரையில் மட்டும் இல்லை. புஷ்ஷின் (ஆர்ம் முனையில் உள்ள ரப்பர் உருளை) உள் இரும்புக் குழாயோடு போல்ட்டின் தண்டே ஒட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே வரும். அதுதான் அடையாளம். மேலும் இழுத்தால் தலைதான் முறியும்.

முதல் நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்) விடுங்கள். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆறு பட்டை சாக்கெட்டில் (12 முனை வேண்டாம், மழுக்கிவிடும்) இம்மியளவு இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள். சூடு நட்டுக்கு மட்டும், ஆயிலைத் துடைத்தபின். புஷ்ஷில் சூடு பட்டால் ரப்பர் தீப்பிடிக்கும். அப்போதும் அசையவில்லையா? புஷ்ஷின் இருபுறமும் போல்ட்டை அறுத்தெடுத்து, போல்ட்டும் புஷ்ஷும் புதிதாகப் போடுங்கள். கடைசி இறுக்கம் வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான்.