சாவி போட்டதுமே 10 பார் காட்டுகிறது, இதுக்குப் பேர் ஆயில் மீட்டரா?

வண்டியை ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை. சாவியைத் திருகி இக்னிஷன் ஆன் செய்ததுமே ஆயில் பிரஷர் முள் விர்ரென்று ஏறி 10 பாரில் (பார் என்பது பிரஷரின் அளவு) போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இன்ஜினைக் கிளப்பினால் முள் கீழே இறங்குகிறது! முன்பணம் வாங்கி மாட்டிக் கொடுத்தவர் இதைப் பார்த்துவிட்டு, "புது மீட்டர்ண்ணா, ஓட ஓட செட் ஆயிடும்" என்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஓடாத இன்ஜினில் ஆயில் பம்ப் சுற்றுவதே இல்லை, அப்புறம் பிரஷர் எங்கிருந்து வரும்?

என்னுடையது டீசல் பிக்கப். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு சிமெண்ட்டும் அரிசியும் ஏற்றிப் போய், அன்னாசியும் வாழையும் கொண்டு இறங்கும் வண்டி. 70 கொண்டை ஊசி வளைவு. முழு லோடோடு முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுத்துக் கொடுப்பதுதான் ரேடியேட்டருக்குக் காற்று. அந்த நேரத்தில் கம்பெனி டேஷ்போர்டு என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. இப்போது வரும் பல வண்டிகளில் டெம்பரேச்சர் முள், ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 வரைக்கும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அது கிளம்பிச் சிவப்பைத் தொடும் நேரத்துக்கு ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் அடைப்பு) போயிருக்கும். ஹோஸ் வெடித்து, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் மொத்தமும் கொட்டிப் போனால் இன்னும் மோசம். சென்சார் வெறும் ஆவியில் தொங்கும், முள் சூடே இல்லாத மாதிரி இறங்கிவிடும். ஆயிலுக்கோ முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். அது பிரஷர் சுமார் அரை பாருக்குக் கீழே விழுந்த பிறகுதான் எரியும். ஏற்றத்தில் 3, 4 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1 பார் இருந்தாலும் அந்த விளக்கு எரியாது. இதற்காகத்தான் கைக்காசு போட்டு ஆயிலுக்கும் டெம்பரேச்சருக்கும் தனி மீட்டர் மாட்டச் சொன்னேன்.

முள் ஏன் தலைகீழாக ஓடுகிறது என்று நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜினில் இருக்கும் சென்சார் பிரஷரை ரெசிஸ்டன்ஸாக, அதாவது ஓம் கணக்கில், மீட்டருக்குச் சொல்லும். மீட்டர் ஐரோப்பிய வழக்கம்: 10 ஓமில் பூஜ்ஜியம், 180 ஓமில் முழு பிரஷர். சென்சாரோ அமெரிக்க வழக்கம்: பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழு பிரஷரில் 33. ஒன்றுக்கொன்று நேர் எதிர். பம்ப் செத்தால் முள் உச்சிக்குப் போகும், பம்ப் நன்றாக வேலை செய்தால் கீழே வரும்! லாரிக்கும் டிரெய்லருக்கும் பேர்போன நாமக்கல்லில், வருஷக்கணக்காக ஒயரிங் பார்க்கிற ஒருவர், "எல்லாத்துக்கும் ஒரே சென்சார்தான்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். மீட்டர் தனி டப்பா, சென்சார் தனி பாக்கெட், இரண்டிலும் ஓம் கணக்கு ஒரு வரி கிடையாது. அச்சடிக்க என்ன கேடு?

டெம்பரேச்சர் சென்சார் கதை வேறு. ஒற்றை ஒயர் சென்சார் அது, எர்த்து அதன் மரை வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. அந்த மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி முறுக்கி வைத்திருக்கிறார். டேப் தடுத்து எர்த்து சரியாகக் கிடைக்காவிட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும். இந்த வகை சென்சாரில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் முள் சூட்டைக் குறைத்துக் காட்டும். ஐரோப்பிய ஆயில் சென்சாரில் அதே எர்த்துக் கோளாறு பிரஷரைக் கூட்டிக் காட்டும். எனக்கு ஆத்திரமே இதில்தான். தப்பு எந்தப் பக்கம் நடந்தாலும் "எல்லாம் நல்லா இருக்கு, ஏறு" என்றுதான் வருகிறது. இதை நம்பி மலை ஏறுவதற்கு மீட்டரே இல்லாமல் காதையும் மூக்கையும் நம்பிப் போகலாம்.

மரையைச் சொன்னேன் அல்லவா, அதிலும் அக்கிரமம். எட்டில் ஒரு அங்குல மரையில் பிரிட்டிஷ் வகைக்கு அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க வகைக்கு 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்தி, இரண்டு மரையையும் இணைக்கும் அடாப்டர் தேடுவதுதான் வேலை. ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்குவது வேலை இல்லை! இன்ஜின் பிளாக்கில் மரை போனால் யார் பதில் சொல்வது? ஃபியூஸ் வைக்காமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்ததையும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் தகரம் ஒயரை அறுத்துக்கொண்டிருப்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

பித்தளை 'டி' (மூன்று வாய் இணைப்பு) ஒன்று போட்டு, கனமான ஆயில் சென்சாரை அதிலேயே தொங்கவிட்டிருக்கிறார். டீசல் இன்ஜின் அதிர்வுக்கு அந்த டி கழுத்தில் விரிசல் விட்டால் ஆயில் மொத்தமும் ரோட்டில்தான். ஒரு சின்ன ஹோஸ் கொடுத்து சென்சாரைச் சேஸிஸ் பக்கம் கிளாம்ப் போட்டு, எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்திருக்க வேண்டும். சொன்னேன். "யாருண்ணா அப்படியெல்லாம் செய்றாங்க" என்றார்.

வெந்நீர் கொதிக்க வைத்து, டெம்பரேச்சர் சென்சாரை அதில் முக்கி, சென்சாரின் உடம்புக்கு ஒரு எர்த்து ஒயர் கொடுத்து, முள் 100 பக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதற்கும் நேரம் இல்லையாம். மீதிப் பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஜோடியான சென்சாரும் சரியான அடாப்டரும் வாங்கி வந்து, என் கண் முன்னால் சோதித்து மாட்டட்டும், தருகிறேன். அதுவரைக்கும் இந்த வண்டியில் மலைக்கு லோடு ஏறாது.