சிறையில் கிடைத்த கர்தினால் பட்டம்

பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மானிய அரசு பிரஷ்யா. அதன் பிரதமர் பிஸ்மார்க்கை எதிர்த்துச் சிறைக்குப் போன போலந்துக் கர்தினால் (திருத்தந்தைக்கு அடுத்த நிலையிலிருக்கும் கத்தோலிக்கத் தலைவர்) லெடுகோவ்ஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரைப் பிறவிப் போராளியாகவே காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெர்லின் அரசு கொஞ்சம் சும்மா இருந்திருந்தால், பிரஷ்யாவுக்கு வசதியான பேராயராகவே அவர் காலத்தை ஓட்டியிருப்பார்.

1822இல் ரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமில் படித்து, திருப்பீடத்தின் (திருத்தந்தையின் ஆட்சிப்பீடம்) தூதுப் பணியில் லிஸ்பன், பொகோட்டா, பிரஸ்ஸல்ஸ் என்று சுற்றியவர். (பொகோட்டாவிலிருந்தும் 1861இல் அரசு வெளியேற்றித்தான் கிளம்பினார். அது ஒத்திகை போல!) 1866இல், பிரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்துப் பகுதியான க்னியெஸ்னோ-போஸ்னானுக்குப் பேராயராக வந்தபோது பிரஷ்ய அரசுக்கு மகிழ்ச்சிதான். குருக்கள் அரசியலில் இறங்கக் கூடாது என்றார். கோயில்களில் போலந்து தேசபக்திப் பாடலைப் பாடத் தடை போட்டார். 1870இல் இத்தாலியப் படை ரோமைப் பிடித்ததும், திருத்தந்தைக்காக உதவி கேட்டு அவர் போய் நின்ற இடம் எது தெரியுமா? பிரான்சோடு போரிட்டபடி வெர்சாயில் முகாமிட்டிருந்த பிரஷ்யத் தலைமையிடம்.

அடுத்த ஆண்டு பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மன் பேரரசு உருவானது. கத்தோலிக்கர்களின் மையக் கட்சி மேல் பிஸ்மார்க்குக்குச் சந்தேகம், போலந்துக்காரர்கள் மேல் அதைவிடச் சந்தேகம். போஸ்னானிலோ கத்தோலிக்கர்களும் போலந்துக்காரர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். பள்ளியில் ஞானோபதேசத்தையும் (கிறிஸ்தவ மறைக்கல்வி) இனி ஜெர்மனில்தான் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சரி, பாட்டை விட்டுக்கொடுத்தவர் இதையும் விட்டுக்கொடுப்பார் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் போலிஷிலேயே நடத்துங்கள் என்று தன் குருக்களுக்கு அவர் எழுதிவிட்டார்.

1873இல் மே சட்டங்கள் வந்தன. குருவாக வேண்டுமானால் அரசுத் தேர்வு எழுத வேண்டும். பங்குக்குக் குருவைப் போடுமுன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பேராயர் யாருக்கும் தெரிவிக்காமல் நியமித்தார். ஒவ்வொன்றுக்கும் அபராதம் விழுந்தது. கட்ட மறுத்தார், ஜப்தி நடந்தது. பதவி விலகு என்றார்கள். கடவுள் தந்த பொறுப்பை எந்த அரசு நீதிமன்றமும் பறிக்க முடியாது என்று பதில் வந்தது. 1874 பிப்ரவரியில் கைதாகி ஓஸ்ட்ரூவ் சிறையில் 2 ஆண்டுகள் இருந்தார். உள்ளே இருக்கும்போதே, 1875 மார்ச்சில், திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரைக் கர்தினாலாக்கினார். பிஸ்மார்க்குக்கு அதைவிடக் காட்டமான பதில் இருந்திருக்க முடியாது. அடக்கப் பார்த்த மையக் கட்சியோ 63 இடங்களிலிருந்து 1874 தேர்தலில் 91க்கு ஏறியிருந்தது.

இவரை மதச் சுதந்திர நாயகராக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். இதே ஒன்பதாம் பயஸ்தான் 1864இல் மதச் சுதந்திரக் கருத்துகளைக் கண்டித்துப் பட்டியல் போட்டவர். திருச்சபை தன் சுதந்திரத்தைத்தான் கேட்டது, எல்லாருக்கும் அல்ல. அதற்காக, எந்த ஊரில் எந்தக் குரு பூசை வைக்கலாம் என்று போலீஸ் முடிவு செய்வது நியாயமாகிவிடாது.

சிறையைவிட என்னை உறுத்துவது 1886தான். விடுதலையானதும் நாடுகடத்தப்பட்டு ரோமிலிருந்தே மறைமாவட்டத்தைக் கவனித்துவந்தவர், அடுத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ பிஸ்மார்க்கோடு சமாதானம் பேசியபோது பதவி விலகினார். அவர் இடத்துக்கு யூலியுஸ் டின்டர் என்ற ஜெர்மானியர் வந்தார். சிறையில் பட்டம் கொடுத்த அதே ரோம், பேரத்தில் அவர் நாற்காலியையும் கொடுத்துவிட்டது. 1892இல் அவருக்கு உலக மறைபரப்புப் பணிகளின் தலைமைப் பதவி கிடைத்தது. நம் கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் உருவானதுகூட அந்தக் காலத்தில்தான். பெரிய பதவிதான், மறுக்கவில்லை.

சமாதானத்தால் குருமடங்கள் திறந்தன, பங்குகளுக்குக் குருக்கள் கிடைத்தார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் சண்டைக்குக் காரணமான ஞானோபதேச வகுப்பு? 1901இல் வ்ஷெஷ்னியா ஊரில், ஜெர்மனில் செபம் சொல்ல மறுத்த பிள்ளைகளை ஆசிரியர்கள் அடித்தார்கள். எதிர்த்து வந்த பெற்றோர் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். கர்தினால் அப்போது உயிரோடுதான் இருந்தார், ரோமில்.