வகுப்பைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளாதீர்கள்

கிளிநொச்சியில் சிற்றுருவ ஓவியர்களின் ஒன்றுகூடல் ஒன்றை நடத்துவோம் என்று பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்து மண்டபத்தின் வரைபடம் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. கடைசியாக எனக்கு வந்த படத்தில் மேடை முழுவதும் விருந்தினருக்கான சோபாக்கள். அதற்கு முன்னால் இருபது வரிசைக் கதிரைகள். போட்டிக்கு வரும் உருவங்களுக்குச் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வகுப்புகளுக்குப் பின்பக்கத்துச் சாப்பாட்டு அறை. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. குழுவில் பேசும்போது ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கலையைப் பற்றி அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். பிசினிலோ பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்த்த சிறிய உருவங்களுக்குத் தூரிகையால் வர்ணம் தீட்டுவதுதான் இது. விளையாட்டுக்கான உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். காட்சிக்கென்றே செய்பவை 54 அல்லது 75 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகம் ஒரு பயற்றம் விதை அளவுதான். அதில் கண், இமை, கன்னத்து நிழல், உதட்டின் கீழ் விழும் இருள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். பிரித்தானியாவில் 1987 முதல் கோல்டன் டெமன் என்ற போட்டி நடக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே பெரிய கூடல்கள் உண்டு. அங்கே வகுப்புகளுக்குத் தனி அறை, தனி டிக்கெட். போட்டி உருவங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும்.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்பதுதான் என் வாதம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தூரிகை பிடித்தவர்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்த வகுப்பில் சேர வேண்டும் என்று தெரிந்துகொண்டே வருவார்கள். நம்மிடம் வரப்போகிறவர்கள் யார்? பரந்தனிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார், சித்திரப் பாட மாணவர்கள், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் வேலைக்காரர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனரின் மேசையில் இப்படியொன்றைக் கண்டு வியந்த இளைஞர்கள். இவர்கள் ஒரு நல்ல உருவத்தைக் கண்டதும் முதலில் கேட்பது “இதை எப்படிச் செய்தார்கள்?” என்றுதான். அந்தக் கேள்வி வாயில் இருக்கும்போதே, இரண்டடி தள்ளி ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்க வேண்டும். சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் அவர் இருந்தால் கேள்வி அங்கேயே செத்துவிடும். கேட்டவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மறுபக்கமும் உண்டு. வகுப்பில் ஒரு மேலங்கியின் மடிப்புக்கு நிழல் பூசிப் பார்த்தவருக்குக் காட்சி மேசையில் இருக்கும் மேலங்கி முன்பு தெரிந்ததுபோலத் தெரியாது. ஒளி எங்கிருந்து விழுகிறதென்று தேடுவார். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு எத்தனை படியில் போயிருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பார். வகுப்பு மேசையும் காட்சி மேசையும் அடுத்தடுத்து இருந்தால் பார்வையாளர்கள் தாங்களாகவே இரண்டுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே என் வரைபடம் இதுதான். மண்டபத்தின் நடுவில், விளக்குகளுக்கு நேர் கீழே, காட்சி மேசைகள். வடக்கு யன்னலோரமாக வகுப்பு மேசைகள். மாசி மாதத்தில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்துதான் செல்லும். வடக்கு யன்னலில் வெயில் நேரே அடிக்காமல் ஒரே சீரான வெளிச்சம் வரும். மேடையில் வெறும் பெட்டிகளை அடுக்கிவைக்கலாம். உருவங்களைப் பஞ்சுக்குள் பொதிந்து கொண்டுவரும் பெட்டிகளுக்கு எப்படியும் ஓர் இடம் வேண்டும். மங்கள விளக்கை வாசலில் ஏற்றுவோம், எல்லோரும் நின்றபடியே. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று காலை முழுவதும் போனால் வகுப்புக்கு எஞ்சுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்க நேரம்தான். மாலையில் முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுவார்கள். நல்ல வெளிச்சமும் நல்ல நேரமும் வகுப்புக்கே போக வேண்டும். உண்மையாகவே அக்கறையுள்ள விருந்தினர் ஒருவர் வந்தால் அவருக்கும் ஒரு கதிரை, ஒரு தூரிகை, ஓர் உருவம் கொடுத்து உட்கார வைப்போம். அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

மாசி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஈரக்காற்றில் பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தெளித்தால் அது தூள் படிந்ததுபோல வெளிறிப்போகும், அதன்மேல் எந்த வர்ணமும் ஒழுங்காக நிற்காது. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். காயாத வர்ணத்தில் ஒரு மணல் ஒட்டினால் போதும், அந்த முகத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மாசியில் காலபோக அறுவடை நடக்கும், வயலை விட்டு வர முடியாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கவலை. அதனால்தான் மாசியின் பிற்பகுதி என்கிறேன். போயா (பௌர்ணமி) விடுமுறை நாளாகப் பார்த்து வைத்தால் பள்ளிக்கூடமும் குறுக்கே வராது.

இனி வகுப்பு. முதல் வகுப்பை இரண்டு மணித்தியாலத்துக்கு வையுங்கள், ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பேர். அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொருவர் கையையும் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உருவங்களுக்கு முதல் நாளே பிரைமர் தெளித்து வைத்துவிட வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் முழு உருவத்தையும் முடித்துவிடலாம் என்று விளம்பரத்தில் போடாதீர்கள். அவசரப்பட்டு முடித்ததை யாரும் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பமாட்டார்கள். ஒரே ஒரு மேலங்கி போதும். அடிநிறம் இரண்டு மெல்லிய பூச்சு, மடிப்புகளுக்குள் நிழல், மேடுகளில் வெளிச்சம். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மீதியை வீட்டில் தாங்களே செய்வார்கள். முகம், கண், உலோகப் பளபளப்பை வெறும் வர்ணத்தாலேயே காட்டும் முறை எல்லாம் இரண்டாவது வகுப்புக்கு உரியவை.

வர்ணம் காய்ந்துபோவதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. அக்ரிலிக் வர்ணம் ஒரு துளி தட்டில் விட்டால் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் தோல் கட்டிவிடும். வெளிநாட்டில் ஈரத்தட்டு என்று விலைக்கு விற்பதை நாம் வீட்டிலேயே செய்யலாம். பிள்ளைகளின் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுங்கள். சமையலறை டிசுத் தாளை நான்காக மடித்து உள்ளே விரித்து, நன்றாக நனையுமட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், தேங்கி நிற்க விடாதீர்கள். அதன்மேல் கேக் அடிக்கும்போது தட்டில் போடும் பேக்கிங் கடதாசியை வெட்டிப் படிய வைத்துக் காற்றுக்குமிழிகளை விரலால் தள்ளிவிடுங்கள். கடதாசியின் ஊடாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து வர்ணத்தைக் காயவிடாமல் வைத்திருக்கும். மூடியைப் போட்டு வைத்தால் மறுநாளும் அதே வர்ணத்தைத் தொடலாம். வகுப்புக் கட்டணத்துக்குள் இப்படி ஒரு பெட்டியையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். வகுப்பு மேசைக்கு நேர் மேலே சுழலும் மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். காற்று வேண்டுமென்றால் நிற்கும் விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி மின் வேலைக்காரருடன் இப்போதே பேச வேண்டும். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் நீலம் கறுப்பாகவும் ஊதா மண்ணிறமாகவும் தெரியும். பகல் வெளிச்சத்தை ஒத்த, 5000 கெல்வின் அளவிலான எல்இடி மின்குமிழ்கள் வேண்டும். நிறங்களைச் சரியாகக் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். காட்சி மேசைக்குப் பளபளக்கும் பட்டுத் துணி வேண்டாம். சாம்பல் அல்லது கறுப்பு நிற மங்கல் துணி போதும். பின்வரிசை மறையாமலிருக்கப் படிப்படியாக உயர்த்திய பலகைகள், மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி முதல் வரிசை. கண்ணாடி அலுமாரிகளை வாடகைக்கு எடுக்கும் காசை விளக்குகளுக்குச் செலவிடலாம். தொடாதே என்று எழுதி ஒட்டுவதைவிட, பக்கத்திலேயே தொட்டுப் பார்க்க நான்கு பழைய உருவங்களை வைத்துவிட்டால் பிள்ளைகளின் கை அங்கேயே போகும்.

இப்போது நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத விடயம். மேசைகளுக்கு இடையில் சக்கர நாற்காலி தாராளமாகப் போக வேண்டும். ஒரு நாற்காலி நேரே போக 90 சென்டிமீட்டர் வேண்டும், திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டரையே எல்லா நடைபாதைக்கும் அளவாக வைப்போம். சில மேசைகளாவது முழங்கால் உள்ளே போகும்படி, குறுக்குக் கட்டை இல்லாமல் இருக்க வேண்டும். காட்சி மேசையின் ஒரு பக்கம் உயரம் குறைந்திருக்க வேண்டும். இருந்தபடி பார்ப்பவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஒருசேர உதவும். வாசல் படியில் பலகைச் சரிவு போட வேண்டும். போர் முடிந்தது 2009இல். காலோ கையோ கண்ணோ இழந்தவர்கள் இல்லாத கிராமம் வன்னியில் எங்கே இருக்கிறது? வீட்டில் இருந்தபடி, மணிக்கணக்காக, தன் போக்கில் செய்யக்கூடிய ஒரு கலையை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டு, அவர்கள் உள்ளே வர முடியாத மண்டபத்தில் அதைக் காட்டுவதா?

ஒரு கையால் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே இடது கை இல்லாத ஒரு தம்பி செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறேன். உருவத்தை மருந்துப் போத்தல் ஒன்றின் மூடியில் ஒட்டி, அந்தப் போத்தலை மணல் நிரப்பிய தகரப்பேணியில் பாதிவரை புதைத்து வைத்திருந்தார். தூரிகை தொடும்போது உருவம் அசையவில்லை. மறுபக்கம் வேண்டியபோது தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு போத்தலை ஒரு திருப்புத் திருப்பினார். மணிக்கட்டைப் பேணியின் விளிம்பில் ஊன்றியதால் கை நடுக்கமும் இல்லை. இரண்டு கையும் உள்ள நான் இப்போது அந்த முறையில்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வகுப்பு மேசையிலும் இப்படி ஒரு பேணி இருக்கட்டும்.

எதைக் காட்சிக்கு வைப்பது என்பதில் குழுவுக்குள் மனத்தாங்கல் இருக்கிறது. உலகெங்கும் இந்தக் கலையில் படைவீரர்களும் டாங்கிகளும் நிறைய. அவற்றைச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் மண்டபத்து வாசலில் ஒரு டாங்கியை நிறுத்தி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே வரும் தாய் எதை நினைப்பாள் என்று தெரிந்தவர்கள்தானே நாம்? பழைய காலப் போர்வீரர்கள் உள்ளே ஒரு மேசையில் இருக்கட்டும். நம் காலத்துச் சீருடைகள் எந்தப் பக்கத்துடையவையாக இருந்தாலும் வேண்டாம்.

வாசலில் வைக்க நம்மிடம் வேறு எவ்வளவோ இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல்மூட்டைக்கு மேலே உட்கார்ந்து போகும் குடும்பம். கரைவலை இழுக்கும் முல்லைத்தீவுக் கரையோர ஆட்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் காவடி எடுத்துப் போகிறவர். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைச் செய்ய விரும்புகிறவர், அன்றைய துணிக்கு என்ன சிவப்பு என்று முதலில் யோசிக்க வேண்டும். போத்தலிலிருந்து வரும் பிளாஸ்டிக் சிவப்பு சரிவராது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுத்த சாயவேரை ஒல்லாந்தர் தங்கள் வருமானமாகவே நடத்தினார்கள். அந்த வேர் தரும் சிவப்பில் மண்ணிறம் கலந்திருக்கும். அதைக் கலந்து காட்டுவதே ஒரு முழு வகுப்பு. பீடத்துக்கு மண் நிறத்தூளை வெளிநாட்டிலிருந்து வாங்கவும் வேண்டாம். நம் செம்மண்ணை வெயிலில் காயவைத்து மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் கலந்த பசையால் ஒட்டினால் அதைவிட உண்மையான நிறம் கிடைக்காது.

பரிசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் வேண்டாம். பல நாடுகளில் பின்பற்றும் திறந்த முறையை எடுப்போம். ஒவ்வொரு படைப்பையும் அதன் தரத்தை வைத்தே பார்ப்பார்கள், பக்கத்து மேசையோடு ஒப்பிடமாட்டார்கள். தங்கத்துக்குத் தகுதியானவை ஐந்து இருந்தால் ஐந்துக்கும் தங்கம். புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து வெட்டுப்புள்ளியோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு இங்கேயாவது அது இல்லாமல் இருக்கட்டும். வகுப்பு எடுப்பவர்களுக்குப் பொன்னாடையோடு நிறுத்தாமல் கையில் பணமும் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே பேசிய தொகை.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். பயணப் பையில் இடமிருந்தால் தூரிகை கொண்டுவாருங்கள். சிறிய உருவத்துக்குச் சிறிய தூரிகைதான் வேண்டும் என்று நினைத்து மூன்று மயிர் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். நம் வெக்கையில் அதன் நுனி உருவத்தைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். இலக்கம் 1 அல்லது 2, வயிறு பருத்து நுனி கூர்ந்தது, அதுதான் வேண்டும். விக்டோரியா மகாராணிக்காக 1866இல் செய்யப்பட்ட வின்சர் அன்ட் நியூட்டன் ஏழாம் வரிசைத் தூரிகையைச் சிற்றுருவ ஓவியர்கள் இன்றும் தேடி வாங்குவது அந்த நுனிக்காகத்தான். அது விலை அதிகம், நமக்கு அவசியமில்லை. செயற்கை மயிரில் நல்ல நுனியுள்ளவை எட்டு இருந்தால் ஒரு வகுப்பு நடக்கும். கொண்டுவரக்கூடியவர்கள் எத்தனை என்று கீழே எழுதுங்கள். அதை வைத்துத்தான் எத்தனை வகுப்புக்குப் பெயர் பதியலாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல முடியும்.