டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிகிற விஷயமா இது?

இந்த வாரம் முழுவதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காணொளியையும், அதன் கீழே எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் எழுதியதையும், அதற்கு ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் கொடுத்த பதிலையும் என் பக்கத்தைப் படிக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடி விவரிக்கவில்லை. அந்த மருத்துவரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே அவருடைய ரசிகர்கள் வந்து பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "அறுவை சிகிச்சை ஒரு கருவிதான், ஒழுக்கம் இல்லாத நோயாளிகளுக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது" என்ற அந்த ஒரு வரிக்கும், அதற்குக் கைதட்டிய நூற்றுக்கணக்கானவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. அந்தப் பெண் கேட்டதுதான் என்ன? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, போன் செய்தால் டயட்டீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டார் என்கிறார்கள், நான் யாரிடம் கேட்பது என்று கேட்டார். கிடைத்த பதில், ஒழுக்கத்தைப் பற்றிய பாடம்.

இந்த அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாமல் பலர் தீர்ப்பு எழுதுவதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேலே, வெட்டி வெளியே எடுத்துவிடுவது. எடுத்ததை மறுபடி ஒட்ட வழியில்லை. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்கிற ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் இணைப்பது. நாம் சாப்பிடுகிற உணவிலிருந்து இரும்பும் கால்சியமும் பெருமளவு உறிஞ்சப்படுவது அந்தத் தாண்டப்பட்ட இடத்தில்தான். வைட்டமின் பி12 உடலில் சேர்வதற்குத் தேவையான புரதமும் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஆகவே இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஆயுள் முழுவதும் சத்து மாத்திரை எடுத்தாக வேண்டும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, அதன் பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். இது நான் கண்டுபிடித்துச் சொல்வதில்லை, இந்தத் துறையின் வழிகாட்டு நெறிகள் சொல்வது. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, அறுவை சிகிச்சை செய்த குழுவே குறைந்தது 2 ஆண்டுகள் நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும், அதன் பிறகும் ஆண்டுதோறும் கண்காணிப்பு தொடர வேண்டும் என்றும் எழுதியே வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்த 2 ஆண்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் 'ஒரு வாரம் கழித்து ரிவ்யூ' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகின்றன.

என் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பைபாஸ் ஆகிச் சில ஆண்டுகள் ஆகின்றன என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். நாங்கள் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். அறுவை சிகிச்சை நடந்தது சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில். அதற்கு முன்பு காலையும் இரவும் இன்சுலின், தூங்கும்போது முகத்தில் மூச்சுக் கருவி. வீட்டுக்குத் திரும்பும்போது இன்சுலின் நின்றிருந்தது. இதை மறைக்கவோ மறக்கவோ நான் நன்றி கெட்டவள் இல்லை. இரண்டாம் ஆண்டில்தான் கதை மாறியது. வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாமல் நாற்காலியைத் தேடத் தொடங்கினேன். அதோடு ஒரு விசித்திரமான ஆசை: சமையலறைக்குப் போகும்போதெல்லாம் அரிசி டிரம்மைத் திறந்து பச்சரிசியைக் கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டு நிற்பேன். "அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்பாங்க, உனக்குத்தான் கல்யாணமாகி மகளே ஆளாகப் போறாளே" என்று அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அது இரும்புச் சத்து அடியோடு வற்றிப்போனதன் அறிகுறி என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பொது மருத்துவர்தான் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.4, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4. இரண்டுமே மிகக் குறைவு. பைபாஸ் நோயாளியை அதற்கு முன் பார்த்ததில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்யவில்லை. அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பாதையைத்தான் சுற்றி விட்டிருக்கிறார்களே! சென்னைக்குப் போன் செய்தால், வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "ஓ.பி. டோக்கன் போட்டுட்டு நேர்ல வாங்க மேடம்" என்றார். டாக்டரிடம் இரண்டு நிமிடம் பேச முடியுமா என்றால், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். எப்போது கேட்டாலும் தியேட்டரில்தான் இருந்தார். கடைசியில் எங்கள் ஊர் மருத்துவரே தேடிப் படித்து, டிரிப்பில் இரும்பு ஏற்றிய பிறகுதான் நான் மறுபடி நின்று பாடம் நடத்தினேன்.

அந்த மருத்துவமனை என்னை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. டிரிப் ஏறிக்கொண்டிருந்த அதே மாதத்தில் அழைப்பு வந்தது. மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து. ஆண்டு விழாவுக்கு வெற்றிக் கதைகள் தொகுக்கிறார்களாம். பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று அனுப்ப வேண்டுமாம். "பழைய போட்டோவுல கொஞ்சம் பக்கவாட்டுல நிக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார் அந்தத் தம்பி. என் பக்கவாட்டுத் தோற்றத்தின் மீது இருந்த அக்கறையில் கால் பங்கு என் ஃபெரிட்டின் மீது இருந்திருக்கலாம். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. ஒருவர் முடி கொட்டுவதைப் பற்றியும் இன்னொருவர் பித்தப்பைக் கல் பற்றியும் கேட்ட பிறகு, அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். இப்போது பொங்கல் வாழ்த்தும் புரோட்டீன் பவுடர் தள்ளுபடியும் தவறாமல் வருகின்றன.

இனி வழக்கமான கேள்விகள் வரும். முதலாவது, "நோயாளிகள்தான் ஃபாலோ அப்புக்கு வருவதில்லை, டாக்டர் வீடு வீடாகப் போய் அழைத்து வர முடியுமா?" என்பது. இதில் உண்மை இருக்கிறது. எடை குறைந்து உடம்பு லேசாக இருக்கும்போது யாருக்கும் மருத்துவமனைக்குப் போகத் தோன்றாது. உலகம் முழுவதும் இந்த நோயாளிகளில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளில் தொடர்பு விட்டுப்போகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அது தெரிந்த விஷயம் என்றால் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் யார்? பேக்கேஜ் விலை பேசியபோது வாரத்துக்கு மூன்று முறை என்னை அழைத்த அதே தொலைபேசியால், ரத்தம் எடுத்தீர்களா என்று ஆண்டுக்கு ஒரு முறை கேட்க முடியாதா? ஒருநாள் சம்பளத்தை விட்டு, ரயிலுக்கு முன்பதிவு செய்து, எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மதியம் வரை காத்திருந்து, "எடை நல்லா குறைஞ்சிருக்கே, குட்" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுத் திரும்புவதற்கு ஒருவர் எத்தனை முறை வருவார்?

இரண்டாவது, காப்பீடு. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி, உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவை இருந்தால் இந்த அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பெற வழியுண்டு. நல்லது. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பெரும்பாலான பாலிசிகள் சில மாதங்களோடு முடித்துக்கொள்கின்றன. ஆயுளுக்கும் போட வேண்டிய பி12 ஊசி அந்தக் கணக்கில் வராது.

"இப்படி எழுதினால் தேவைப்படுகிறவர்களும் பயந்து ஒதுங்கிவிடுவார்கள்" என்று சிலர் அன்போடு எச்சரிப்பார்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைந்திருந்ததைக் காட்டியது. நான் அதை நம்புகிறேன். என் தங்கைக்குத் தேவைப்பட்டாலும் செய்துகொள் என்றுதான் சொல்வேன். அதே ஆய்வில், இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்த எடை, பத்தாம் ஆண்டில் 17 சதவீதக் குறைவாக நின்றது. அதாவது கொஞ்சம் எடை திரும்புவது இயல்பானது, ஸ்வீடன்காரர்களுக்கும் திரும்பியது. அவர்கள் எல்லோரும் இரவில் ஒளிந்து பரோட்டா சாப்பிட்டவர்களா?

ஒழுக்கம், ஒழுக்கம் என்கிறீர்களே, எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்லீவ் முடிந்து வாரக்கணக்கில் எதைக் குடித்தாலும் வாந்தி. போன் செய்தபோதெல்லாம் "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்ற பதில். உள்ளூர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதன் பிறகு நடை தள்ளாடியது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது, மனைவியிடமே இது யார் வீடு என்று கேட்டார். விடாத வாந்தியால் தயமின் என்கிற பி1 தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும் என்பதும், அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்பதும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தயமின் ஊசி விலை உயர்ந்த மருந்தே கிடையாது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கடைக் கணக்கை இப்போது மகன்தான் பார்க்கிறான். 2024-இல் சென்னைப் புறநகரில் ஓர் இளைஞர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது இறந்ததும் விசாரணைக் குழு வந்தது, மருத்துவமனையின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, தொலைக்காட்சிகள் பேசின. அறுவை சிகிச்சை மேசையில் நடப்பதற்கு இவ்வளவாவது உண்டு. வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதத்தில் நடப்பதற்கு எந்தக் குழுவும் கிடையாது. அது நோயாளியின் ஒழுக்கக் கேடாகக் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

"உயிரைக் காப்பாற்றியவரையே குறை சொல்கிறாயா?" என்ற கேள்விதான் என்னை மிகவும் புண்படுத்துகிறது. என் மருத்துவரின் கை ராசியான கை என்று இன்றும் சொல்வேன். ஆனால் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று சொல்லாமல் கிளம்பிப்போன கொத்தனாரிடம் குழாயைப் பற்றிக் கேட்டால் அது நன்றி கெட்டதனமா? மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் மருந்து அளவைப் பற்றிக் கேட்டால் யாரும் நன்றியை நினைவூட்டுவதில்லை. குண்டாக இருந்தவர்கள் கேட்டால் மட்டும் நினைவூட்டுகிறார்கள். ஏனென்றால் எங்கள் நோய் நோயே இல்லை, வாய்க்கொழுப்பு என்பதுதான் உங்கள் அடிமனதின் முடிவு. முன்பு கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி வைக்க வருகிறவரை என் இலையைத் தாண்டிப் போகச் சொல்லிக் கண்ஜாடை காட்டிய அதே உறவினர்கள், இப்போது "ஆபரேஷன் பண்ணித்தானே இளைச்சா" என்கிறார்கள். எடை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குறுக்குவழி. அந்த மருத்துவர் 'ஒழுக்கம்' என்று எழுதியபோது கைதட்டியவர்களில் பாதிப்பேர் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கடந்த சில ஆண்டுகளில் வந்த எடைக் குறைப்பு ஊசிகளைக் காட்டி, "இனி அறுவை சிகிச்சையே வேண்டாம்" என்று எழுதுகிறவர்களும் இதே கூட்டம்தான். ஊசி போட்டவரையும் நாளைக்கு இப்படித்தான் கேட்பீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு உள்பெட்டியில் எழுதியிருக்கிறேன்: அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் பாருங்கள், பக்கத்து ஊரிலேயே ஒரு நல்ல பொது மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று. மருத்துவமனை தந்திருக்க வேண்டிய இந்தக் காகிதத்தை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை முகநூலில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

கீழே வந்து "வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடியுங்கள் மேடம்" என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம், நீக்க மாட்டேன். அந்த மருத்துவரோ அவருடைய அலுவலகமோ பதில் எழுத விரும்பினால், ஒழுக்கத்தைப் பற்றி வேண்டாம். மூன்றாம் மாத, ஆறாம் மாத ரத்தப் பரிசோதனைக்கு அந்தப் பெண்ணை எந்தத் தேதியில், யார் அழைத்தார்கள் என்று மட்டும் எழுதட்டும்.