200 மெகாபிக்சல்ல எங்க ஆச்சி மூஞ்சியைக் காணோம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில எந்த போன் கடையில ஏறுனாலும் அந்தப் பயலுவ வாயில இருந்து வார மொத வார்த்தை, "அண்ணாச்சி, 200 மெகாபிக்சல்." விலையெல்லாம் அதுக்குப் பொறவுதான்.

ஏ மக்கா, ஒரு மெகாபிக்சல்னா படத்துல பத்து லட்சம் புள்ளி. அந்த 200ல நம்ம கைக்கு வந்து சேருதது எவ்வளவுன்னு ஒருத்தனாவது சொல்லுதானா? வெளிச்சத்தைப் பிடிக்க சென்சார்ல இருக்க பொடிப்பொடி பிக்சல்ல, அதாவது புள்ளியில, 16ஐ ஒண்ணாச் சேத்து, கடைசியில சாதாரணமா நமக்குத் தருதது பன்னிரண்டரை மெகாபிக்சல் படம். 108ன்னு போட்டிருக்கதும் ஒம்பது ஒம்பதாச் சேத்து 12தான். சேக்கதுல தப்பு இல்ல, இருட்டுல படம் தெளிவா வரும். அப்போ பெட்டியில 12ன்னு போட வேண்டியதுதானவே? கூகுள்காரன் 2017ல பிக்சல் 2 போன்ல பின்னால ஒத்தக் கேமரா, அதுவும் 12 மெகாபிக்சல் வச்சே எல்லாரையும் வாயப் பொளக்க வச்சான். ஐபோனும் 2015ல வந்த 6எஸ்ல இருந்து 2021ல வந்த 13 வரைக்கும் மெயின் கேமராவுல 12ஐத் தாண்டல. நம்பர்தான் எல்லாம்னா இவங்க அப்பமே கடையைச் சாத்தியிருக்கணும்.

இதுல முதுகுல மூணு கண்ணு வேற. ஒண்ணு உருப்படி. மத்த ரெண்டும் பல போன்ல, கிட்டத்துல எடுக்க மேக்ரோ, பின்னணியை மங்க வைக்க டெப்த்னு 2 மெகாபிக்சல் சவம். எண்ணிக்கைக்கு ஒட்டி வச்சிருக்கான்.

சரி, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதிக்கு வாங்க. உச்சி வெயில்ல ஸ்கிரீன்ல ஒரு மண்ணும் தெரியல. தேர் இருக்கா, ஆள் தலை இருக்கான்னு குத்துமதிப்பாத்தான் அமுக்கணும். விளம்பரத்துல போடுத ஆயிரக்கணக்கான நிட்ஸ் பெரும்பாலும் ஸ்கிரீன்ல ஒரு சின்ன மூலைக்கு மட்டும் வார வெளிச்சக் கணக்கு. வடம் இழுக்கவன் முகத்தை எடுக்கலாம்னு பட்டனை அமுக்குனா, போன் ரோசிச்சு முடிக்கதுக்குள்ள அவன் தாண்டிப் போயிருதான். கேட்டா ஓ.ஐ.எஸ். இருக்கும்பான். அது நம்ம கை நடுக்கத்துக்குல்லா! ஓடுதவனை அது நிறுத்துமா? கொஞ்ச நேரம் வீடியோ ஓடுனா "போன் சூடாகிவிட்டது"ன்னு கேமராவை மூடிருது. சாரல் விழுந்தா தொட்டது ஒண்ணு, தொறக்கது வேற.

எனக்கு வயிறு எரியுதது இதுக்கெல்லாம் இல்ல. எங்க ஆச்சியை ஒரு படம் எடுத்தேன். வெயில்ல வயக்காட்டுல நின்னு கறுத்த முகம், நெத்தி நெறைய சுருக்கம். அதானவே எங்க ஆச்சி! அந்தப் போன் சுருக்கத்தை வழிச்சு எடுத்துட்டு, மைதா மாவு பூசுன கணக்கா வெளுப்பாக்கி வச்சிருக்கு. ஆச்சி வாங்கிப் பாத்துட்டு, "இது யாருல?"ங்காவ. பியூட்டி மோடை அணைச்சாலும் பாதிப் போன்ல அந்தப் பூச்சு முழுசாப் போக மாட்டேங்கு. கறுத்த தோலை ஒழுங்காக் காட்டணும்னு கூகுளே 2021ல பிக்சல் 6ல ரியல் டோன்னு ஒண்ணைக் கொண்டாந்தான். அதுவரைக்கும் எவனும் பெருசா மண்டையை ஒடைச்சுக்கிட்ட மாதிரி தெரியல.

தெனமும் கேமராவை எதுக்குத் தொறக்கோம்? டீக்கடையில காசு குடுக்க க்யூஆர் ஸ்கேன் பண்ண. ரேஷன் கார்டைப் படம் பிடிச்சு அனுப்ப. அதுக்கு கேமரா வெரசாத் தொறக்கணும், கிட்டத்துல ஃபோகஸ் ஆகணும், வேற ஒண்ணும் வேண்டாம். பெரிய சென்சார் வச்ச போன் கிட்டக் கொண்டு போனா ஓரமெல்லாம் மங்கிருது. பின்னால கூட்டம் நிக்கி, டீக்கடை அண்ணாச்சி மொறைக்காரு, நான் போனை முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டு நிக்கேன்.

கேமரா நல்லா இருந்தா 200 கிராமுக்கு மேல கனம், சட்டைப்பையே தொங்கிருது. மேசையில வச்சா முதுகுப் புடைப்புல ஆடுது. கைக்கு அடக்கமா, சார்ஜ் நிக்க மாதிரி பாத்தா கேமரா சவம். ரெண்டும் சேந்து வேணும்னா விலை என் சம்பளத்தைத் தாண்டுது.

போன வாரம் கடையில, "இதை ரோட்டுல வெயில்ல கொண்டு போயி ஒரு படம் எடுத்துப் பாக்கேன்"னேன். "டெமோ பீஸ் வெளிய போகாது அண்ணாச்சி, வயர் போட்டுக் கட்டியிருக்கு, ஏ.சி.யில வச்சே பாருங்க"ங்கான்.