ஆசை ஆசையாய்

இந்த வருஷம் பெரிய வியாழன் ஆராதனையில் லூக்கா 22-ம் அதிகாரத்தை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எத்தனையோ முறை கேட்ட பகுதிதான், ஆனாலும் மைக் முன்னால் நின்று சத்தமாக வாசிக்கும்போது 15-ம் வசனத்தில் ஒரு நொடி நின்றுவிட்டேன். "நான் பாடுபடுகிறதற்கு முன்னே உங்களுடனேகூட இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்."

ஆசை! பிரசங்க மேடையில் இந்த வார்த்தைக்கு நல்ல பேரே கிடையாது. பொருளாசை, மண்ணாசை, பெண்ணாசை என்று அடுக்கி, ஆசைப்படாதே, ஆசைப்படாதே என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்த வார்த்தையை இயேசுவே சொல்கிறார், அதுவும் மறுநாள் சாகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, பஸ்கா என்கிற யூதப் பண்டிகை விருந்தைச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில்.

வீட்டுக்கு வந்து கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். எபிதூமியா எபெதூமேசா. ஒரே வேர் இரண்டு தடவை வருகிறது, அப்படியே சொன்னால் "ஆசையால் ஆசைப்பட்டேன்". எபிரெயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வினையை இரட்டிப்பார்கள், அந்த வாசனை லூக்காவின் கிரேக்கத்திலும் வீசுகிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில், ஆதியாகமம் 31:30-இலும் இதே ஜோடிதான். 20 வருஷம் மாமனார் வீட்டில் உழைத்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பிய யாக்கோபிடம், உன் தகப்பன் வீட்டுக்குப் போக அவ்வளவு ஏங்கினாயா என்று லாபான் கேட்கிற இடம். வீட்டை நினைத்து ஏங்குகிற ஏக்கத்துக்கு வந்த அதே சொற்கள் இங்கே பஸ்கா பந்திக்கு வருகின்றன.

எனக்கு மனத்தாங்கல் எங்கே என்றால், ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முழுமையாக வந்த அந்தப் பழைய தமிழ் வேதாகமத்தின் வழியில் வந்ததுதான் இன்றும் எங்கள் சபையில் வாசிக்கிற வேதாகமம், அது இந்த இரட்டிப்புக்குப் பயப்படுகிற மொழிபெயர்ப்பே இல்லை. ஏதேன் தோட்டத்தில் "சாகவே சாவாய்" என்று போட்டிருக்கிறது. ஆபிரகாமுக்கு "ஆசீர்வதிக்கவே ஆசீர்வதித்து", "பெருகவே பெருகப்பண்ணுவேன்". சாவுக்கும் ஆசீர்வாதத்துக்கும் துணிந்தவர்கள் ஆசைக்கு மட்டும் ஏன் "மிகவும்" என்று சுருக்கிக்கொண்டார்கள்? தமிழில் இதற்கு வார்த்தை இல்லாமலா போயிற்று? ஆசை ஆசையாய் என்று தினமும் சொல்கிறோமே. நான் ஊருக்கு வருகிறேன் என்றால் அம்மா காலையிலேயே மீன் வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள், பஸ் தாமதமானால் "ஆசை ஆசையா வெச்சேனே" என்பாள். அந்த வசனத்தில் இருப்பது இந்தக் குரல்தான் என்று எனக்குப் படுகிறது.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மாம்சத்தின் இச்சையும், கண்களின் இச்சையும்" என்று யோவான் எழுதுவதும் இதே எபிதூமியாதான். தமிழில் அங்கே இச்சை, இங்கே ஆசை. விருப்பம் என்று பூசி மெழுகாமல் இயேசுவுக்கு ஆசை என்ற சொல்லையே கொடுத்தார்களே, அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆசையே பாவம் என்று பேசுகிற போதகர்கள் இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்தால் நல்லது.

ரோமர் 8:19-இலும் இப்படித்தான், சிருஷ்டி "மிகுந்த ஆவலோடே" காத்திருக்கிறது என்று வாசிக்கிறோம். கிரேக்கச் சொல் அப்போகரதோகியா, அதற்குள்ளே "தலை" என்ற சொல் இருக்கிறது. தலையை நீட்டி எட்டிப் பார்க்கிற ஆவல். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைத் தேடி எக்கி எக்கிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம் இல்லையா, படைப்பு முழுவதும் அப்படி நிற்கிறதாம்.

சரி, குறை மட்டுமே சொல்லக்கூடாது. "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற 42-ம் சங்கீதத்தை வேறு எந்த மொழியில் படித்தாலும் எனக்குத் தமிழ் அளவுக்கு நெஞ்சை அடைப்பதில்லை. அந்தக் "கதறுவது" போதும்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு அந்த 15-ம் வசனத்தை மாற்றி வாசித்துக் காட்டினேன். "உங்களோடு இந்தப் பஸ்காவைச் சாப்பிட ஆசை ஆசையாய் இருந்தேன்." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "அவ்வளவு ஆசைப்பட்டாரே, நிம்மதியாச் சாப்பிட்டாரா?" அடுத்த வசனத்தை வாசித்தேன். தேவனுடைய ராஜ்யத்தில் இது நிறைவேறும்வரை இனி நான் இதைப் புசிப்பதில்லை என்று இருந்தது.