யார் கையெழுத்துப் போட்டது?

ஞாயிற்றுக்கிழமை சிறுகதைப் போட்டிப் பரிசளிப்புக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்கள் இந்நேரம் ஏதாவது ஒரு புலன (வாட்சாப்) குழுவில் பாதியாவது கேட்டிருப்பீர்கள். முதல் பரிசு வாங்கிய, பையனின் அறிவை ஊசியால் ஏற்றும் கதையைப் பற்றி நான் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பையனுக்கு ஊசி போட யார் கையெழுத்துப் போட்டது? மேடையிலிருந்து வந்த பதில்: "கதைக்கு எதுக்குங்க ஃபாரம்? அதெல்லாம் உங்க கிளினிக்கோட வச்சிக்குங்க." மண்டபமே சிரித்தது. சிரிக்கட்டும். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், நம் பகா ஊரில் சிரிக்க வேறு என்னதான் இருக்கிறது.

எழுதிய தம்பிக்கு நல்ல கை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து லய வீட்டு வாசலில் காயும் பள்ளிச் சட்டையும் செம்பனைக் குலை லாரி கிளப்பிவிட்டுப் போகும் புழுதியும் கண்ணிலேயே நிற்கின்றன. சிக்கல் ஊசியில்தான். ஐந்தாம் ஆண்டுப் பையன், வாசிக்க வராது, வகுப்பில் 'மந்தம்' என்று பெயர். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வருகிறார், கையில் ஊசி போடுகிறார், மூன்றே வரி. அடுத்த பத்தியில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் எல்லாம் ஏ. அதற்கடுத்த பத்தியில் அமெரிக்கா.

கையில் போடும் ஊசி அப்படியே மூளைக்குள் போய்விடாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் நுழையும், பெரிய புரத மருந்துகளில் மிகப் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட மருந்தென்றால் முதுகு வழியாகத்தான் போட வேண்டியிருக்கும். பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, ஒருவர் அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, இடுப்பெலும்பு மட்டத்தில் இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே ஊசி இறங்கும். அசைந்தால் மறுபடியும் குத்த வேண்டும். பிறகு சிலருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலை வலிக்கும், பல நாளைக்குக்கூட.

இதை எழுதியிருந்தால், அவனைப் பிடித்துக்கொண்டது யார் என்றும் எழுத வேண்டி வந்திருக்கும். அம்மாவா? அம்மாவிடம் என்ன சொல்லிப் பிடிக்கச் சொன்னார்கள்? அவன் அழுதானா? மருத்துவ விவரத்தை ஒழுங்காக எழுதினாலே அறக் கேள்வி பின்னாலேயே வந்துவிடும். மூன்று வரியில் தாண்டினால் அதையும் சேர்த்தே தாண்டிவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"அறிவியல் புனைகதையில் எதுவும் நடக்கலாம்" என்கிறார்கள். நடக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் டேனியல் கீஸ் 1959இல் சிறுகதையாக எழுதி, 1966இல் நாவலாக விரித்த 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' என்ன, நிஜத்தில் நடந்ததா? நாவலில் அறிவை ஏற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாயகன் சார்லியின் ஐ.க்யூ. 68இலிருந்து 185க்குப் போகிறது. அந்தச் சிகிச்சைக்கு அவனுடைய தங்கையைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்குகிறார்கள். அவனுக்கு முன்னால் ஓர் எலிக்குச் செய்து பார்க்கிறார்கள், அந்த எலி தடுமாறத் தொடங்கும்போதே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. முடிவை மகிழ்ச்சியாக மாற்றித் தரச் சொல்லி ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார், கீஸ் மறுத்துவிட்டு வேறு இதழுக்குக் கொடுத்தார். கதைக்கு ஃபாரம் தேவையில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் கதைதானா கிடைத்தது என்பீர்கள். சரி, 2011 தீபாவளிக்கு நாம் வரிசையில் நின்று பார்த்த 'ஏழாம் அறிவு' படத்துக்கு வாருங்கள். முன்னோரின் ஆற்றலை மரபணு வழியாக எழுப்புவதுதான் கதை. ஆய்வுக்காகத்தான் பழகுகிறேன் என்று சொல்லாமலே அந்த ஆய்வைச் செய்யும் பெண் நாயகனிடம் பழகுகிறாள், தெரிந்ததும் அவன் நொறுங்குகிறான். மசாலா படத்திலேயே 'என்னைக் கேட்டாயா' என்று ஒருவன் உடைகிறான். நம் பரிசுக் கதையில் அந்தப் பையனுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை.

நிஜத்தில் எப்படி நடக்கும்? முதலில் விலங்குகள். பிறகு ஆரோக்கியமான பெரியவர்கள் சில பேருக்கு மிகக் குறைந்த அளவில், அதுவும் பாதுகாப்பை மட்டும் பார்க்க. அப்புறம் நூற்றுக்கணக்கில், அப்புறம் ஆயிரக்கணக்கில். பிள்ளைகள் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார்கள். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு போன்ற ஒரு குழு தாளைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பெற்றோர் கையெழுத்து ஒன்று, விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் ஒப்புதல் தனியாக ஒன்று. எந்த நிமிடமும் 'வேண்டாம்' என்று எழுந்து போகலாம். இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு கதை கிடக்கிறது, தம்பி.

"மேடம், டியூஷனும் அறிவை ஏத்துறதுதானே? காப்பியும்தானே?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். நல்ல கேள்வி. காப்பியைப் போல, டியூஷனைப் பாதியில் நிறுத்தினால் தலை வலிக்காது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இன்னொருவர் நிஜ மாத்திரைகள் இருக்கின்றனவே என்றார். இருக்கின்றன. கவனக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், மூளையில் செய்தி கடத்தும் டோபமைனும் நோரட்ரினலினும் கூடுதல் நேரம் தங்கும்படி செய்யும். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். அதனால் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் தொடர்ந்து குறித்து வர வேண்டும். தேவைப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நோயில்லாதவர்களுக்கு? 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 40 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இதையும் இதே வகையில் வேறு இரண்டு மருந்துகளையும் கொடுத்து, எடை வரம்புள்ள ஒரு பைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களை அடைக்கும் கணக்கைப் போடச் சொன்னார்கள். அதிக நேரம் உழைத்தார்கள், அதிகம் மாற்றி மாற்றிப் போட்டார்கள், முயற்சியின் தரமோ இறங்கியது. இதை வைத்து எழுதுங்களேன்.

அடுத்து வந்ததுதான் சுட்டது. "தோட்டத்துப் பிள்ளைங்க முன்னேறுறது இவங்களுக்குப் பிடிக்கலை." யாருக்கு? எனக்கா?

சொல்கிறேன், கேளுங்கள். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். பச்சரிசி தின்ற பக்கம், தவிட்டுச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்து பலர் செத்தார்கள். 1907இல் நம் நெகிரி செம்பிலானிலேயே, டுரியான் தீப்புஸ் பக்கம் சாலை போட்ட சாவகத் (ஜாவா) தொழிலாளர்கள் சுமார் 300 பேரை வைத்து ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு டாக்டர்கள் அதே அரிசிச் சோதனையைச் செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுதாகப் போகாது. தோட்டத்துத் தமிழர்களை அந்த நோய் அதிகம் தீண்டாததற்கு நம் புழுங்கலரிசிதான் காரணம். அந்த ஆய்வுகளால் உலகத்துக்கே நன்மை. ஆனாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களை 'உனக்குச் சம்மதமா' என்று யார் கேட்டது? இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டு டாக்டர் நம் பிள்ளைக்கு ஊசி போடுவதை மூன்று வரியில் எழுதிக் கைதட்டுகிறோம்.

அதைவிட வலிப்பது அந்த 'மந்தம்'. பையனுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று கதையில் ஒருவரும் பார்க்கவில்லை. ரத்தம் பார்க்கவில்லை. பிறப்பிலேயே கோளாறு, ஊசிதான் வழி என்று முதல் பக்கத்திலேயே முடிவாகிவிட்டது. நம் பிள்ளைகளைப் பற்றி அடுத்தவன் இப்படி எழுதினால் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போவோம்.

ஐந்திலிருந்து பதினொரு வயதுவரை ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அந்தப் பிள்ளை வகுப்பில் சோர்ந்துதான் உட்கார்ந்திருக்கும், எழுத்து மண்டையில் ஏறாது. காலையில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துப் பசியாறிவிட்டுப் போகிறதே, அந்தத் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். அரசாங்க கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியா இருந்தாலும் அளவு குறைவாகத்தான் காட்டும், அதற்கு இரும்பு தீர்வல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், அளவு சரியான பிறகும் அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பு. பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.